குன்னூரில் ஒரு சிலோன் மருமகள்

கண்டிக்குப் பக்கத்தில் அக்குறணை என் ஊர். கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்தபோது சாப்பாடு பெரிய விஷயமாக இருக்காது என்றே நினைத்தேன். அங்கேயும் மலை, தேயிலை, தமிழ். அடுப்படிக்குள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஊரில் கோழிப் பாக்கெட்டில் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கிப் பழகியவள் நான். இங்கே பாய் கடையில் கண்ணெதிரே பிஸ்மி சொல்லி அறுத்துத் தருகிறார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை; தூக்குவாளியோடு போக வேண்டும்.

நாட்டுக்கோழி என்றால் மாமாவே கொல்லையில் அறுப்பார். கோழி பார்க்காத இடத்தில் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவார். 'பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்' என்று சொல்லி அறுத்தால் மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபக்க ரத்தக்குழாய் எல்லாம் அறுபட வேண்டும். தலை மட்டும் துண்டாகிவிடக் கூடாது. துடிப்பு அடங்கி ரத்தம் வடியும்வரை யாரும் தொடக்கூடாது. அப்புறம்தான் வெந்நீர். அதிலும் முக்கி உடனே எடுத்துவிட வேண்டும். குடலோடு கொதிநீரில் கிடந்தால் அசுத்தம் கறிக்குள் இறங்கிவிடும் என்று மாமி பக்கத்திலேயே நிற்பார்.

மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாபி வழி; இவர்கள் ராவுத்தர் சமூகம், ஹனஃபி வழி. வேண்டுமென்றே பிஸ்மியை விட்டால் இவர்களுக்கு அந்தக் கறியே ஹராம்; எங்களுக்கு பிஸ்மி சொல்வது சுன்னத், அதாவது சொல்வது நல்லது, கட்டாயமில்லை. ஆட்டுக்கறியில் கழலை என்கிற சுரப்பிக் கட்டி இருந்தால் மாமி தேடி எடுத்து வீசுவார். அதெல்லாம் சரி, ஹனஃபி வழியில் நண்டு சாப்பிடக் கூடாது என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மலையில் நல்ல நண்டுக்கு எங்கே போக என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, கறி மட்டும் வேகமாட்டேன் என்கிறது. மண்சட்டியை மறந்து குக்கருக்கு மாறினேன். ஊரில் கறிக்குப் போடும் ரம்பை என்ற வாசனை இலையும் இங்கே கிடைப்பதில்லை. கறித்தூளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மல்லி, சீரகம், சோம்பு எல்லாம் கருக வறுத்து நானே இடிப்பேன்.

அந்த வாசத்துக்குத்தான் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் ஹட்டனிலிருந்து சின்னப்பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர், டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். "எங்க அம்மா இப்படித்தான் வறுப்பாங்க" என்று கிண்ணம் நிறைய வாங்கிப்போனார். மாமிதான் இன்னும் சட்டியைத் திறந்ததும் கேட்கிறார்: "என்னம்மா, அடிப்பிடிச்சிருச்சா?"