கறுவாப் பாணும் கிளிநொச்சி வெக்கையும்

நேற்று பிச்சுப் பிச்சுத் தின்னுற கறுவாப் பாண் போட்டனான். அரைக் கிலோ கோதுமை மா, 7 கிராம் ஈஸ்ட், இளஞ்சூட்டுப் பால், சீனி, முட்டை, பட்டர் எல்லாம் போட்டுக் குழைச்சு வச்சா, மா பொங்க ரெசிப்பியில ஒரு மணித்தியாலமாம், எங்கட வெக்கைக்கு அரை மணித்தியாலத்திலயே சட்டிக்கு வெளியில எட்டிப் பாக்குது. தட்டையா உருட்டி, உருக்கின பட்டர் பூசி, சீனியும் கறுவாத்தூளும் தாராளமாத் தூவி (தூள் வாங்காதேங்கோ, பட்டையை இடிச்சா வாசமே வேற), நீளமா வெட்டி அடுக்கி, பிறகு சதுரமா வெட்டி ட்ரேயில நிமித்தி வச்சு இன்னொருக்காப் பொங்க விடோணும், அவசரப்பட்டா கல்லுத்தான். அவணில 180 பாகை செல்சியஸில 35 நிமிசம். கடைசி அஞ்சு நிமிசம் கிடக்க கரண்ட் நிண்டிட்டுது, அவணைத் திறக்காமலே விட்டன், உள்சூட்டில வெந்திட்டுது. அம்மம்மா "உது பணிஸ்தானே பிள்ளை" எண்டு சொல்லிச் சொல்லியே நாலு துண்டு பிச்சவ.