செம்பருத்தியை நம்பாதீர்கள்

மாதிரித் தேர்வில் பேஸ்டல் என்ற பொடிவண்ணக் குச்சியால் நான் வரைந்த படத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பாட்டி வீட்டு முற்றத்துச் செம்பருத்தி ஒன்றைப் பித்தளைச் செம்பில் வைத்துத் தொடங்கினேன். முதல் நாள் மூன்று மணி நேரமும் அருமையாகப் போனது. மறுநாள் போய்ப் பார்த்தால் பூ, பிழிந்து போட்ட துணிபோலச் சுருண்டு கிடக்கிறது. செம்பருத்தி ஒரு நாள் பூ என்பது தினமும் பூஜைக்குப் பறிக்கும் பாட்டிக்குத் தெரியும், எனக்குத்தான் உறைக்கவில்லை. வேறு பூவைப் பறித்து வைத்தேன். அதன் மடிப்பு வேறு, முகம் திரும்பிய பக்கம் வேறு. கடைசியில் தாளில் இருந்தது பாதி ஒரு பூ, பாதி இன்னொரு பூ.

மொரீஷியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.க்கு ஓவியம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம் தரும் தலைப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தயாராகும் துணைப் படங்களை முன்பே முடித்து, இறுதிப் படத்தைக் கண்காணிப்பில் 15 மணி நேரத்துக்குள் வரைய வேண்டும். எங்களுக்கு அதை ஐந்து நாள்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் பூவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஆயுளைப் பாருங்கள். நான் ஆந்தூரியத்துக்கு மாறினேன். இந்தத் தீவு ஏற்றுமதி செய்யும் பூ. தண்ணீரில் வைத்தால் இரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். பக்கத்தில் அதே செம்பும் ஓர் எலுமிச்சம்பழமும்.

ஆந்தூரியத்தில் நாம் இதழ் என்று நினைப்பது நிறமேறிய இலைதான். உண்மையான பூக்கள் நடுவில் நிற்கும் கதிரில் பொடிப்பொடியாக இருக்கின்றன. இது தெரிந்த பிறகுதான் என் கை மாறியது. ரோஜாவைப் போல விரலால் தேய்த்து மென்மையாக்குவதை விட்டுவிட்டு, எண்ணெய் தடவிய இலையாக அதைப் பார்த்தேன். நிழல் விழும் பக்கம் கருஞ்சிவப்பும் ஊதாவும், வெளிச்சப் பக்கம் சிவப்பின் மேல் கொஞ்சம் ஆரஞ்சு. பளபளப்பு வெள்ளை அல்ல; அது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வானம். வெளிர்நீலத்தில் கூர்மையான விளிம்போடு போட்டுவிட்டு, கடைசி நாளில் வெள்ளைக் குச்சியால் ஒரே ஒரு தொடுதல். அந்த ஒரு தொடுதலுக்காக ஐந்து நாளும் வெள்ளையைத் தொடாமல் இருப்பது பெரிய தவம்.

பித்தளை என்றதும் மஞ்சள் குச்சிக்குக் கை போகும். போக விடாதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: செம்பின் பெரும்பகுதி அடர்பழுப்பும் மங்கிய பச்சையும்தான், பூவின் சிவப்பு ஓர் ஓரத்தில் நெளிந்து தெரியும். மஞ்சள் நகத்தளவு போதும்.

விரலால் தேய்ப்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது ஒரு போதை. மாதிரித் தேர்வில் நான் எல்லாவற்றையும் தேய்த்தேன். படம் முழுக்க மாவு பூசியதுபோல ஆகிவிட்டது. பின்னணிக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். பேஸ்டலில் நிறம் கலப்பது தட்டில் இல்லை, தாளின் மேல்தான். ஒரு கோட்டின் இடைவெளியில் இன்னொரு கோடு எட்டிப் பார்க்க வேண்டும். இலைகளுக்குப் பச்சையின் அடியில் கொஞ்சம் செம்பழுப்பு இழுத்துப் பாருங்கள், பச்சை உயிர்பெறும். அடுக்குகள் கூடிப்போய்த் தாளின் சொரசொரப்பு அடைபட்டால் குச்சி வழுக்கும். அப்போது ரப்பரால் அழிக்காதீர்கள், பொடி இன்னும் உள்ளே அமுங்கிவிடும். விறைப்பான தூரிகையால் மெதுவாகத் தட்டி உதிர்த்துவிட்டு மேலே போடலாம்.

தாள் வெள்ளையாக வேண்டாம். சாம்பல் அல்லது பழுப்பு. கான்சன் மி-தாந்த் என்ற பேஸ்டல் தாளில் ஒரு பக்கம் தேன்கூடுபோல் குழிகுழியாக இருக்கும், மறுபக்கம் நைசாக இருக்கும். பூவுக்கு எனக்கு நைசான பக்கம்தான் பிடிக்கும். மழை ஈரம் மிகுந்த கியூர்பிப் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள். அந்த ஈரத்தில் தாள் நெளிந்துவிடும்.

பொடியை வாயால் ஊதவே கூடாது. சில நிறங்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. பலகையைச் சற்று முன்னால் சாய்த்து வைத்தால் பொடி தானே கீழே விழும், ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

துணைப் படங்களுக்கு ஓவியர் யாரையாவது பார்க்கச் சொல்வார்கள். பிரெஞ்சு ஓவியர் ஒடிலோன் ரெடோனின் பூச்சாடிகளைப் பாருங்கள். பல ஆண்டுகள் கறுப்பிலேயே வரைந்தவர், பிற்காலத்தில் பேஸ்டலில் பூக்களை ஒளிர விட்டார். முழுப் படத்தையும் நகலெடுக்காமல், உள்ளங்கையளவு பகுதியை எடுத்துக்கொண்டு அவர் எந்த நிறத்தின் மேல் எதைப் போட்டார் என்று தேடினால் அதிகம் கற்கலாம்.

அழுக்கேறிய குச்சிகளை ஒரு டப்பாவில் அரிசியோடு போட்டுக் குலுக்கினால் சுத்தமாகிவிடும். நான் பாட்டியின் அரிசியை எடுத்தேன். சாம்பல் நிறமாகிப்போன அரிசியைப் பார்த்துப் பாட்டி பேசியதை இங்கே எழுத முடியாது. நீங்கள் கடையில் தனியாக அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.