லினக்ஸ் வேகப் பயிற்சி: வேலை தெரிந்தவர்களுக்கு எங்கே இடிக்கிறது?

லினக்ஸ் இயங்குதளம் தரும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ (சிஸ்டம் நிர்வாகி) சான்றிதழுக்குத் தயாராக இரண்டு வழி உண்டு. புதியவர்கள் ஆர்எச்124, ஆர்எச்134 என இரண்டு வகுப்புகளில் உட்கார வேண்டும். சர்வரோடு பல வருடம் மல்லுக்கட்டியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சுருக்கிய ஆர்எச்199. கோலாலம்பூரில் நான் போனது இதற்குத்தான். எச்ஆர்டி கார்ப் லெவியில், அதாவது மலேசியாவில் ஊழியர் பயிற்சிக்காகக் கம்பெனிகள் செலுத்தும் நிதியில், கம்பெனி பணம் கட்டியது. வகுப்பு தொடங்கும் முன்பே கம்பெனி மானியத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்; முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் வேலைக்கு ஆகாது. எச்ஆரை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

யூசர், பெர்மிஷன், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிப்பது) எல்லாம் கடகடவென்று ஓடின. அங்கே யாரும் திணறவில்லை. திணறியது செலினக்ஸில், அதாவது எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கில். பல ஆபீஸ்களில் அதைப் பெர்மிசிவில் (எதையும் தடுக்காமல் லாகில் மட்டும் குறிக்கும் நிலையில்) போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் பழக்கம். அதனால் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் அது புதுசு.

லேபில் அப்பாச்சி வெப் சர்வரை 82ஆம் போர்ட்டில் ஓட்டிப் பார்த்தோம். கான்ஃபிக் சரி, ஃபயர்வாலும் திறந்தாச்சு, சர்வீஸ் மட்டும் எழ மாட்டேன் என்றது. லாகில் 'பெர்மிஷன் டினைட்'. "ரூட்டுக்கே பெர்மிஷன் இல்லையாம்லா!" என்று பக்கத்து இருக்கை அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். (ரூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள யூசர்.) 80, 81, 443 போன்ற சில போர்ட்டுகளைத்தான் செலினக்ஸ் வெப் சர்வருக்கு விட்டுவைத்திருக்கிறது. 82 அந்தப் பட்டியலில் இல்லை. செலினக்ஸ் விதிகளை மாற்றும் செமேனேஜ் கட்டளையால் அதையும் சேர்த்து, சர்வீஸை மறுபடி கிளப்பினோம், ஓடியது.

அந்தக் கட்டளையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. செமேனேஜ்-போர்ட் மேன் பேஜின் (கட்டளைக்கான கையேட்டுப் பக்கத்தின்) கடைசியில் உதாரணமாகவே இருக்கிறது. போர்ட் எண்ணை மாற்றினால் போதும். தேர்வில் கூகுள் கிடையாது, மேன் பேஜும் சிஸ்டத்திலேயே இருக்கும் டாக் ஃபைல்களும்தான் துணை. எந்தப் பேஜில் எது இருக்கிறது என்று தேடிப் பழகுவதுதான் என்னைக் கேட்டால் பாதித் தயாரிப்பு.

ஆர்எச்சிஎஸ்ஏவுக்கான ஈஎக்ஸ்200 தேர்வு 3 மணி நேரம். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம், ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸ் டீக்கடையில் தோசை வாங்கிக் கொடுத்துக் கேட்டாலும் சொல்வதற்கில்லை. ஆனால் இது எல்லோருக்கும் தெரிந்ததே: செய்த வேலை ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டேப் ஃபைலில் ஒரு வரி தப்பினால் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் அதில் கை வைக்கும்போதெல்லாம் உடனே அந்த வரிகளைச் சோதிக்க 'மவுண்ட் -ஏ' போட்டுப் பார்த்தேன். நேரம் மிச்சம் வைத்துக் கடைசியில் ரீபூட்டும் செய்தேன்.

வகுப்பு முடிந்த கையோடு தேர்வு எழுதாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ரெட் ஹேட்டின் இலவச டெவலப்பர் சந்தாவில் வீட்டிலேயே இரண்டு விஎம் (மெய்நிகர் கணினி) போட்டுப் பழகலாம். சான்றிதழ் 3 வருடம் செல்லும். அதற்குள் ஈஎக்ஸ்294 எழுதி அடுத்த நிலைச் சான்றிதழான ஆர்எச்சிஇ எடுத்தால் இதுவும் சேர்ந்து நீளும். அது முழுக்க ஆன்சிபிள் (பல சர்வர்களைத் தானியங்கியாக நிர்வகிக்கும் கருவி), 4 மணி நேரம். இப்போது அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.