ஒரு பந்து, பதினாறு புள்ளி

"உங்களுக்குப் பிடித்த கேமைச் செய்யுங்கள்" என்று ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அன்றைய கம்ப்யூட்டர் வகுப்பு அதோடு சரி. முதல் அரை மணி நேரம் ஹீரோவுக்குத் தலைமுடி வரைவதில் போகும். மீதி நேரம் எந்தச் சத்தம் வைப்பது என்ற பஞ்சாயத்து. முதல் கேமை ஆசிரியரே தேர்ந்தெடுப்பது நல்லது. அது எங்கெங்கே உடையும் என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உடையும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

கட்டளை பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக் கோட் எழுதும் ஸ்க்ராட்சில் இதற்குத் தோதான கேம், மேலிருந்து விழும் பந்தைக் கூடையில் பிடிப்பது. இரண்டு ஸ்ப்ரைட் (திரையில் நகரும் உருவம்), ஸ்கோரை வைத்துக்கொள்ள ஒரு வேரியபிள் (மாறும் எண்ணுக்கான பெட்டி) போதும். பந்து ஒரு வட்டம், கூடை ஒரு செவ்வகம், இரண்டுக்கும் உயரம் 40. அழகுபடுத்துவதெல்லாம் கேம் ஓடிய பிறகு.

முதல் வகுப்பில் கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். ஸ்க்ராட்ச் மேடையின் அளவு 480க்கு 360. ஒரு சென்டிமீட்டருக்கு 20 என்று வைத்தால் 24க்கு 18 சென்டிமீட்டர், படுக்கைவாக்கில் வைத்த ஏ4 தாளில் அடங்கிவிடும். நடுவில் பூஜ்ஜியம். இடம் வலமாக எக்ஸ் -240 முதல் 240 வரை, கீழிருந்து மேலாக ஒய் -180 முதல் 180 வரை. காகித வட்டம் ஒன்றை வெட்டி, ஒருவர் கட்டளை சொல்ல மற்றவர் நகர்த்தட்டும். "கீழே போ" என்றால் நகர்த்தக் கூடாது, "ஒய்யில் 5 குறை" என்றால்தான் நகர்த்தலாம். மைனஸ் எண்களில் தடுமாறுபவர்கள் யார் என்று இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த வகுப்பில் கோட். கூடை ஒய் -120இல் நிற்கும், அம்பு விசைகளால் இடம் வலம் நகரும். பலரும் 'வென் கீ பிரஸ்டு' பிளாக்கைத்தான் எடுப்பார்கள். விசையை அழுத்திப் பிடித்தால் கூடை ஒரு அடி நகர்ந்து, தயங்கி, பிறகு ஓடும். விசைப்பலகையில் எழுத்து அடிக்கும்போது வருகிற அதே தயக்கம். ஃபாரெவர் லூப்புக்குள் (உள்ளே இருப்பதை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக்) 'கீ பிரஸ்டு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும்.

பந்தின் கோட் இப்படி: ஒய் 180இல் தொடங்கு, ஃபாரெவர் லூப்பில் ஒய்யில் 5 குறை, கூடையைத் தொட்டால் ஸ்கோரில் 1 கூட்டு. ஓடவிட்டால் ஒரே பந்துக்கு ஸ்கோர் 15, 16 என்று எகிறும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விடையைச் சொல்லிவிடாமல் கணக்குப் போடச் சொல்லுங்கள். பந்தின் அடி கூடையின் மேல்விளிம்பைத் தொடுவதில் தொடங்கி, பந்தின் தலை கூடையின் அடியைத் தாண்டும் வரை 40 + 40 = 80 தூரம். சுற்றுக்கு 5 என்றால் 16 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளி. லூப் என்றால் என்ன என்று இதைவிட நன்றாக விளக்க முடியாது.

அவர்களாகக் கண்டுபிடிக்கும் மருந்து பெரும்பாலும் 'வெயிட் 1 செகண்ட்'. பந்தை விழவைக்கும் கட்டளையும் அதே லூப்பில் இருப்பதால் பந்து கூடைக்குள் அந்தரத்தில் தொங்கும். கெட்டிக்காரர்கள் ஸ்கோரைத் தனி ஸ்கிரிப்டாக, அதாவது தனியே ஓடும் பிளாக் தொடராக, பிரித்துவிடுவார்கள். அப்போது வேலை செய்கிறது! வேகத்தை 2 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 80ஐக் கடக்க 40 சுற்று. விநாடிக்கு 30 சுற்று என்பதால் 1.3 விநாடி ஆகும். காத்திருப்பு முடிந்த பிறகும் பந்து கூடையிலேயே இருக்கும், ஸ்கோர் 2. பிடித்த உடனே பந்தை மேலே அனுப்பிவிடுவதே சரியான வழி.

பிடிபடாத பந்தும் மேலே போக வேண்டுமே. 'ஒய் = -180' என்று எழுதினால் வேகம் 5இல் சரியாக வேலை செய்யும், 7இல் செய்யாது. -177, அடுத்தது -184. -180ஐ மிதிக்காமலே தாண்டிவிடும். ஸ்ப்ரைட் மேடையைவிட்டு முழுதாக வெளியேற ஸ்க்ராட்ச் விடாது, அதனால் பந்து அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதே காரணத்தால் 'ஒய் < -200' என்பதும் நடக்கவே நடக்காது. '< -170' என்று வையுங்கள்.

ஸ்கோரைத் தொடக்கத்தில் பூஜ்ஜியமாக்க எல்லோருமே மறப்பார்கள், இரண்டாவது ஆட்டத்தில் தானே தெரிந்துகொள்வார்கள்.

குளோனை, அதாவது கேம் ஓடும்போதே ஸ்ப்ரைட்டை நகலெடுப்பதை, மூன்றாவது வாரத்துக்கு முன் காட்டாதீர்கள். காட்டும்போது, பந்தின் வேகத்தை வைத்திருக்கும் வேரியபிளை 'இந்த ஸ்ப்ரைட்டுக்கு மட்டும்' என்று உருவாக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாப் பந்தும் ஒரே வேகத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். மூலப் பந்தை மறைத்தால் குளோனும் மறைந்தே பிறக்கும், 'ஷோ' வேண்டும். 'டிலீட் திஸ் குளோன்' பிளாக்குக்குக் கீழே எதையும் ஒட்ட முடியாது. புள்ளியை அதற்கு மேலேயே கூட்ட வேண்டும். ஒரே நேரத்தில் 300 குளோனுக்கு மேல் உருவாகாது. அந்த எல்லையை யாராவது ஒருவர் நிச்சயம் முட்டிப் பார்ப்பார்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து விசைப்பலகையைக் கைமாற்றுங்கள். மணி இல்லாவிட்டால் வேகமாக டைப் செய்பவரிடமே அது தங்கிவிடும்.

மதிப்பெண்ணைக் கேமின் அழகுக்குக் கொடுக்காதீர்கள், கணிப்புக்குக் கொடுங்கள். உதாரணமாக: வேகம் 100 என்றால் கூடைக்கு நேர்மேலே விழும் பந்து பிடிபடுமா? 125 என்றால்? ஓட்டிப் பார்க்கும் முன் தாளில் எழுத வேண்டும். 100இல் பந்து 80, -20, -120 என்று கூடைக்குள் வந்து விழும். 125இல் 55, -70 வந்து, அடுத்த குதியில் கூடையைத் தொடாமலே அடியில் போய் நிற்கும்.