வாழைப்பழம் வாயில் வரவில்லை

மார்ச் 10, செவ்வாய்

மதியம் 1 மணிக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்தார்கள். ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் வலது பக்க உதடு, தாடை, பாதி நாக்கு எதுவும் என்னுடையதாக இல்லை. வேலை என்னவோ அரை மணி நேரம்தான். மரப்பு மட்டும் கூடவே வந்தது. தேக்காவில் குடித்த கோப்பி பாதி சட்டையில்.

4 மணிக்குத் துணைப்பாட வகுப்பு. இன்றைக்கென்று பார்த்துச் சொல்வதெழுதுதல். மூன்றாவது சொல் 'வாழைப்பழம்'. ழகரத்துக்கு நாக்கு மடங்கவில்லை, பகரத்துக்கு உதடு ஒட்டவில்லை. "டீச்சர், இன்னொரு தடவை!" நான்கு தடவை சொன்னேன், நான்கும் வேறு வேறு பழம். கடைசியில் பலகையிலேயே எழுதிப் போட்டுவிட்டேன். அந்தச் சொல்லுக்கு எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

தாடையைத் தேய்த்துப் பார்த்தேன், வேகமாக நடந்தும் பார்த்தேன். 6 மணிக்கு மேல்தான் எறும்பு ஊர்ந்தது.

மார்ச் 11, புதன்

உதட்டின் உட்பக்கம் புண். மரத்திருந்தபோது பராட்டாவோடு அதையும் மென்றிருக்கிறேன். "மரப்பு போகும்வரை சாப்பிடாதீர்கள்" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். பசி கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்று மேல் பல். மரப்பைச் சீக்கிரம் போக்க வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். மரப்பு மருந்தான லிடோகைனோடு அட்ரினலினும் சேர்ப்பார்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்தை அங்கேயே பிடித்து வைக்கும். ஃபென்டோலமின் என்ற இன்னொரு ஊசி அந்தக் குழாயை விரித்துவிடும், ரத்தம் வந்து மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். அமெரிக்காவில் 2008இல் 'ஓராவெர்ஸ்' என்ற பெயரில் அனுமதித்தார்கள். சோதனையில் கீழுதட்டுக்கு உணர்வு திரும்ப 155 நிமிடம் ஆனது, 70 நிமிடமாகக் குறைந்ததாம். 85 நிமிடம் மிச்சம். ஒரு வகுப்பு நேரம்!

இந்த கிளினிக்கில் அது இல்லை. பல் பிடுங்கியவர்களுக்கு எப்படியும் வேண்டாம் என்றார், மரப்பு போனால் வலி முந்திக்கொண்டு வரும். நாள்கணக்கில் மரத்தே கிடந்தால் அது நரம்பு விவகாரம், இந்த ஊசி அதற்கில்லை, உடனே வந்து காட்ட வேண்டுமாம்.

மேல் பல்லுக்கு நாக்கு மரக்காது என்பது எனக்கு நல்ல செய்தி. 4 மணி வகுப்பில் 'வாழை' சுத்தமாக வந்தது. பழம்தான் இன்னும் 'ஃபழம்'.