பனி விழுமான்னு யாருக்குத் தெரியும்

போன டிசம்பர்ல கோத்தகிரி பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன், ராத்திரி உறைபனி விழுந்தா கருகிடும்னு சாயங்காலமே புதுசா நட்ட தேயிலை நாத்து மேல மிலார், அதாவது குச்சியும் கிளையும், வெட்டிப் போட்டு மூடிட்டு இருந்தார், என்னையும் பிடிச்சு இழுத்து விட்டுட்டார், கையெல்லாம் கீறல். மூடிக்கிட்டே கேக்குறார், "ஏம்ப்பா, உங்க கிளைமேட் ஆளுங்களுக்கே ரெண்டரை டிகிரியா நாலு டிகிரியான்னு தெரியலையாமே, அத நம்பி கவர்மெண்ட் எதுக்குக் காசைக் கொட்டணும்?"

அவர் சொன்ன நம்பர் சரிதான். காத்துல கார்பன் டை ஆக்சைடு ரெண்டு மடங்கானா பூமி எவ்வளவு சூடாகும்னு 1979ல 1.5ல இருந்து 4.5 டிகிரின்னு சொன்னாங்க, 2021ல ஐபிசிசி, அதாவது ஐ.நா.வோட காலநிலைக் குழு, ரிப்போர்ட்ல 2.5ல இருந்து 4. முக்கியமா மேகம்தான் இன்னும் பிடிபட மாட்டேங்குது. ஆனா பாருங்க, நாப்பது வருஷ ஆராய்ச்சியில ரொம்ப அடி வாங்கினது 1.5ன்னு இருந்த கீழ்ப்பக்கம், அதாவது "பெருசா ஒண்ணும் ஆகாது"ன்னு நம்புறவங்க ஒதுங்கி நின்ன பக்கம்.

நம்ம நீலகிரி மலைக்கு வந்தா கதை இன்னும் மோசம். உலகத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு கிளைமேட்டைக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடல்ல ஒரு கட்டம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், கூடலூரும் கோத்தகிரியும் ஒரே கட்டத்துல விழுந்தாலும் விழும், கூடலூர்ல ஜூன் ஜூலைல கொட்டும், கோத்தகிரியில ஐப்பசியில, இது ரெண்டையும் அது எங்க பிரிச்சுப் பாக்குறது. ஆனா ஒரு டிகிரி சூடு ஏறினா காத்து சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைத் தாங்கும், அதுக்கு மாடலே தேவையில்ல. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ., மெட்ராஸ்காரங்களுக்கு அது பாதி வருஷ மழைக்கும் மேல.

எங்க ரோட்டுக்கு அடியில ஓடைத் தண்ணி போற குழாய் அடிச்சுட்டுப் போச்சு. பெருசா போடுங்கன்னு கேட்டா, "எவ்வளவு மழை வரும்னு கரெக்டா சொல்லுங்க, பாக்கலாம்"னாங்க. யாராலயும் சொல்ல முடியல, அதனால பழைய சைஸே போட்டாங்க. இனிமேலும் பழைய மழைதான் வரும்னு அவங்களும் ஒரு ஜோசியம் சொல்லிட்டாங்க, அதுக்கு மட்டும் ஆதாரம் யாரும் கேக்கல!

மாமாகிட்ட இதெல்லாம் சொல்லல. "இன்னைக்குப் பனி விழும்னு யாரு சொன்னா?"ன்னு மட்டும் கேட்டேன். "விழுந்தா உங்கப்பனா வந்து நாத்து வாங்கித் தருவான்"னார்.

நாலு நாளா பனி விழல. மிலாரை எடுத்துடலாமான்னு அத்தை கேட்டதுக்கு, தை முடியட்டும்னுட்டார்.