இரண்டரை மணி நேரம்

செப்டெம்பர் 1, 2023, வெள்ளி
குவைத்திலிருந்து அக்கா கோல் எடுத்தாள். தோட்டத்து லய வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, கோயில் திருப்பத்துக் கல்லில் போய் உட்காரணும். அவள் கைக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் வரும். "முடியைக் காட்டு, திரும்பச் சொல்லு" என்று சின்னவளின் பின்னந்தலையைத்தான் முதலில் பார்த்தாள், முகத்தை அப்புறம். பெரியவன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மணிக்கூடு வரைந்து வைத்திருக்கிறான். ஒன்று ஹட்டன், ஒன்று குவைத்.

செப்டெம்பர் 4
மழை. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் 11.

செப்டெம்பர் 9, சனி
பேன். தோட்டத்தில் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் தொற்றியிருக்கும். ரெண்டு நாள் சீப்பு போட்டுப் பார்த்தேன், மண்டையெல்லாம் புண். ராத்திரி கத்தரிக்கோல் எடுத்து ஒட்ட வெட்டிவிட்டேன். வெட்டும்வரை அழுதாள். முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு "அம்மா, குளிருது" என்றாள்.

என்னைத்தான் சொன்னாள். சித்தி என்று சொல்லிக்கொடுத்திருக்கணும். சொல்லவில்லை. ரெண்டரை வயசில் அக்கா விட்டுப்போன பிள்ளை. 2013இல் வந்த விதி அப்படியே இருந்திருந்தால் அஞ்சு வயசுக்குக் குறைந்த பிள்ளையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போயிருக்கவே முடியாது, போன வருஷம்தான் அதை ரெண்டு வயசாக்கினார்கள். கேட்டதும் நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்ட பேப்பரில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். கார்மென்ட் வேலையை விட்டு வந்த வாரம் அது.

முடியைக் குப்பைக்குழியில் போட்டேன்.

செப்டெம்பர் 15, வெள்ளி
கம்பளிக் குல்லா போட்டுக் கூட்டிப்போனேன். "அங்கே அவ்வளவு குளிரா?" என்றாள் அக்கா. குளிர்தான், பொய் இல்லை. பெரியவன் வரவில்லை. கோல் வரும் நேரத்தில்தான் அவனுக்குப் பந்து விளையாட்டு.

செப்டெம்பர் 20
பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒரு பையனின் சட்டையைக் கிழித்திருக்கிறான். அம்மா கொழும்பில் வங்கியில் வேலை செய்வதாக வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தானாம், அந்தப் பையன் "அரபிக்காரன் வீட்டில் சட்டி கழுவுது" என்று போட்டு உடைத்துவிட்டான். அந்தப் பையனுடைய அம்மாவும் ரியாத்தில்தான், அதை டீச்சரே சொன்னார். தரம் 5 பிள்ளைகள், புலமைப்பரிசில் நேரம், வீட்டில் கவனிக்க யாரும் இல்லையா என்றும் கேட்டார். நான் அவர் எதிரில்தானே நிற்கிறேன்.

வரும் வழியெல்லாம் என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டவில்லை. டொஃபி வாங்கிக் கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செப்டெம்பர் 22, வெள்ளி
கோல் இல்லை.

செப்டெம்பர் 24
மச்சான் கொழும்புக் கடையிலிருந்து வந்து ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போனார். சின்னவள் அவரைக் கண்டு என் பின்னால் ஒளிந்தாள். ஒரு தினாருக்கு இப்போது ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறதாம். இங்கே நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தால் 1000, கிலோ குறைந்தால் அரைப் பேர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனால் கணக்கு சரிதான், கூரைத் தகரம் மாற்றியது அந்தக் காசில்தான்.

அக்டோபர் 6, வெள்ளி
பேசிக்கொண்டிருக்கும்போதே "அம்மா, மூத்திரம்" என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

அக்காவுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். அப்புறம், "குல்லாயைக் கழட்டு, முடியைப் பார்க்கணும்." சிக்னல் போச்சு என்று சொல்லி வெட்டிவிட்டேன். நான்கு கோடும் இருந்தது.

அக்டோபர் 7
தூக்கமில்லை.

அக்டோபர் 14, சனி
ஒன்பதரைக்குப் பரீட்சை என்றால் அங்கே ஏழு என்று பெரியவன் தானாகச் சொன்னான்.

அக்டோபர் 15, ஞாயிறு
விடியக்காலை கல்லுக்குப் போகலாம் என்று அவன்தான் எழுப்பினான். ஞாயிற்றுக்கிழமை எப்படி எடுப்பாள் என்றேன், எடுத்தாள். அங்கே மூன்றரை மணி, குசுகுசுவென்று பேசினாள். அவன் முதலில் சொன்னது, "தங்கச்சிக்கு மொட்டை மாதிரி வெட்டியாச்சு. சித்திதான்." எத்தனை நாளாக வைத்திருந்தானோ. பிறகுதான் பரீட்சை, பென்சில், புதுச் சப்பாத்து எல்லாம்.

போன் என் கைக்கு வந்தது. திட்டுவாள் என்று இருந்தேன். "வெட்டின முடி இருக்கா?" என்றாள்.

வச்சிருக்கேன் என்றேன்.